பவளத்துக்கு முன், பின், முதுகு, வயிறு என்று எதுவும் இல்லையே, பிறகு உடல் அச்சு மரபணுக்கள் அதற்கு எதற்கு?

நீங்கள் கேட்பது இதுதான்: பவளம் பூ மாதிரி வட்டமாக இருக்கிறது, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டே வாழ்கிறது. நமக்குத் தலை–வால், முதுகு–வயிறு அமைத்துத் தரும் மரபணுக்கள் அதனிடம் என்ன செய்கின்றன? கிளை பிரிவதற்குத்தான் அவை பயன்படுகின்றனவா?

பவளம் வட்டமானது என்று நாம் நினைப்பதே முழுக்கச் சரியில்லை. ஒரு தனிப் பாலிப்பின் (பவளக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு சிறு உயிரியும் ஒரு பாலிப்) வாயை மேலிருந்து பார்த்தால் அது வட்டத் துளையாக இருக்காது, ஒரு பக்கமாக நீண்ட கீறலாக இருக்கும். உள்ளே வயிற்றறையை ஆரஞ்சுச் சுளைகளைப் போல மெல்லிய தடுப்புகள் பிரிக்கின்றன. அந்தத் தடுப்புகளில் தசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால், பாலிப்பை எந்தக் கோட்டில் வேண்டுமானாலும் இரண்டு சம பாதிகளாக வெட்ட முடியாது என்று தெரியும். அதாவது நம்மைப் போலவே அதற்கும் இரண்டு அச்சுகள் உண்டு. ஒன்று வாயிலிருந்து அடிப்பகுதிக்கு. இன்னொன்று அதற்குக் குறுக்காக. 19-ஆம் நூற்றாண்டு உடற்கூறியலாளர்களுக்கே இது தெரியும். மரபணு ஆதாரம் கிடைக்கத்தான் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

முதல் அச்சைத் தீர்மானிப்பது விண்ட் என்ற சமிக்ஞை மரபணுக் குடும்பம். இதன் கதை பவளத்தின் தூரத்து உறவான, நன்னீரில் வாழும் ஹைட்ராவில் தொடங்குகிறது. 1909-ல் எதெல் பிரவுன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு ஹைட்ராவின் வாய்ப்பகுதித் திசுவை எடுத்து இன்னொன்றின் உடம்பில் ஒட்டினார். அங்கே இரண்டாவது உடல் அச்சு முளைத்தது. நியூட் என்ற நீர்நில வாழ்வியின் கருக்களில் ஸ்பீமனும் மாங்கோல்டும் செய்த, இதே மாதிரியான புகழ்பெற்ற சோதனை வெளிவந்தது 1924-ல். அதாவது பிரவுன் பதினைந்து ஆண்டு முந்தியவர். பாடப்புத்தகங்களில் இவர் பெயர் இவ்வளவு குறைவாக வருவது எனக்கு இன்றும் வருத்தம்தான். அந்த வாய்ப்பகுதியில் விண்ட் மரபணு இயங்குகிறது என்பது 2000-ல்தான் தெரிந்தது. 2016-ல் நெமடோஸ்டெல்லா என்ற சிறிய கடல் சாமந்தியின் கருவில் இரண்டே இரண்டு விண்ட் மரபணுக்களை வேறொரு இடத்தில் இயங்க வைத்து, அங்கே புதிய அச்சையே உருவாக்கிக் காட்டினார்கள்.

இந்த நெமடோஸ்டெல்லாவைப் பற்றி ஒரு வார்த்தை. பவளம் ஆண்டுக்கு ஒருமுறை, முழுநிலவை ஒட்டிய சில இரவுகளில்தான் பெரும்பாலும் முட்டையிடும். ஆய்வாளர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டும். உப்பங்கழிச் சேற்றில் வாழும் நெமடோஸ்டெல்லாவோ ஆய்வுக்கூடத்தில் ஆண்டு முழுவதும் முட்டையிடும். பவளத்தின் நெருங்கிய உறவு என்பதால் நாம் அறிந்ததில் பெரும்பகுதி இதிலிருந்து வந்தது. 2005-ல் இதன் விண்ட் மரபணுக்களை எண்ணியபோது பலரும் திகைத்தார்கள். அப்போது தெரிந்திருந்த 12 துணைக்குடும்பங்களில் குறைந்தது 11 இதனிடம் இருந்தன. பழ ஈயிடம் இருப்பது மொத்தமே 7 விண்ட் மரபணுக்கள். ‘எளிய’ விலங்கு பழைய கருவிகளைப் பத்திரமாக வைத்திருக்க, ஈதான் பலவற்றைத் தொலைத்திருக்கிறது.

அப்புறம் ஒரு விசித்திரம். நம் கருவில் விண்ட் வலுவாக இருப்பது வால் பக்கம். பவள வகைகளில் வாய்ப்பக்கம். எதிர்முனையில், அதாவது நீந்தும் லார்வாவின் முன்நுனியில், நம் தலைப்பகுதியை அமைக்கும் சிக்ஸ்3 மரபணுவின் இணை இயங்குகிறது. 2013-ல் நெமடோஸ்டெல்லாவில் இது காட்டப்பட்டது. மரபணுக் கணக்கில் பார்த்தால் பவள லார்வா தன் ‘தலையால்’ பாறையில் ஒட்டிக்கொண்டு, நம் பின்பக்கத்துக்கு இணையான முனையில் வாயை வைத்துக்கொண்டு வாழ்கிறது.

குறுக்கு அச்சு இன்னும் சுவாரசியம். 2002-ல் ஆஸ்திரேலியாவில் அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் கருவில், பிஎம்பி என்ற சமிக்ஞைப் புரதத்தின் மரபணு ஒன்று ஒரு பக்கம் மட்டும் இயங்குவதைக் கண்டார்கள். 2004-ல் கடல் சாமந்தியிலும் அதே. நம் முதுகு–வயிறு வித்தியாசத்தை உண்டாக்குவதும் பிஎம்பிதான். தவளையில் பிஎம்பி வயிற்றுப் பக்கமும், அதைத் தடுக்கும் கார்டின் முதுகுப் பக்கமும் உருவாகின்றன. நெமடோஸ்டெல்லாவில் இரண்டும் ஒரே பக்கம் உருவாகின்றன, ஆனால் பிஎம்பியின் வேலை நடப்பது எதிர்ப்பக்கம்! கார்டின் அதைப் பிடித்துக்கொண்டு அங்கே சேர்த்துவிடுகிறது. கார்டினை நீக்கினால் குறுக்கு அச்சே உருவாகாது. இந்தச் ‘சுமந்து செல்லும்’ முறையை 2025-ல் வியன்னா பல்கலைக்கழகக் குழு நேரடியாகச் சோதித்துக் காட்டியது. பழ ஈயும் தவளையும் கையாளும் அதே தந்திரம்.

சரி, ஹாக்ஸ் மரபணுக்கள்? நம்மில் அவை தலை–வால் வரிசையில் இயங்கி, உடலின் எந்தப் பகுதி எதுவாக வேண்டும் என்று தீர்மானிக்கும். நெமடோஸ்டெல்லாவில் அவற்றில் பல குறுக்கு அச்சில், பிஎம்பியின் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. 2018-ல் அமெரிக்காவின் ஸ்டவர்ஸ் ஆய்வுக்கூடத்தில் இவற்றை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தார்கள். லார்வாவின் எட்டு அறைகளில் சில ஒன்றோடொன்று கலந்துபோயின. இளம் பாலிப்பில் வழக்கமாக வரும் நான்கு உணர்கொம்புகளின் எண்ணிக்கையும் வடிவமும் மாறின. ஆக, அறைகளுக்கு ‘நீ யார்’ என்று சொல்வதுதான் இங்கே ஹாக்ஸின் வேலை.

அப்படியானால் 60 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த, பவளத்துக்கும் நமக்கும் பொதுவான மூதாதைக்கே இரண்டு அச்சுகள் இருந்தனவா, அல்லது இரு கிளைகளிலும் தனித்தனியாக வந்தனவா? துறையில் இன்னும் சண்டை ஓயவில்லை. இருந்தன என்ற பக்கம்தான் நான். ஒரே மூலக்கூறுகள் மட்டும் இரு பக்கமும் இருந்தால் தற்செயல் என்று விடலாம். ஒருவர் இன்னொருவரைச் சுமந்து செல்லும் முறையும் ஒன்றாக இருப்பதைத் தற்செயல் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வட்டச் சமச்சீருடன் வாழும் ஹைட்ராவில் குறுக்கு அச்சு இல்லை. அது பின்னால் இழந்தது என்றே கருதுகிறேன்.

கிளை பற்றி: மேலே சொன்ன அச்சுகள் ஒவ்வொரு பாலிப்புக்கும் உரியவை, முழுக் கூட்டத்துக்கு அல்ல. அக்ரோபோராவில் கிளையின் நுனியில் ஒரு முதன்மைப் பாலிப் வேகமாக வளர, பக்கங்களில் மற்றவை மொட்டுவிடும். அது தனிக் கதை. ஆனால் குறுக்கு அச்சை நீங்களே பார்க்கலாம். கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்தில் அக்ரோபோரா எலும்புக்கூடு இருந்தால், பாலிப்புகள் இருந்த பக்கவாட்டுக் குழிகளை ஒரு கைலென்ஸில் பாருங்கள். பல இனங்களில் எதிரெதிராக இரண்டு தகடுகள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக நிற்கும். அவற்றை இணைக்கும் கோடுதான் அந்த அச்சு. இதற்காகக் கடற்கரையில் கிடக்கும் துண்டைப் பொறுக்கி வந்துவிடாதீர்கள், இந்தியாவில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.