விபத்து இழப்பீடு: எஃப்.ஐ.ஆர். எதுவரை உதவும்?

கார் மோதி என் கணவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருக்கிறார்கள். கிளெய்ம் போட இது போதுமா?

போதாது. உங்கள் மனு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் சி.எஸ்.ஆர். சான்று. வழக்கு பதிவாகி, குற்ற எண் விழுந்தால்தான் எஃப்.ஐ.ஆர். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அதனால் பாரதிய நியாய சம்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 281, 125(பி) பிரிவுகளில் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் புகாரை எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் கமிஷனருக்கு) பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். பதிவானதும் புகார்தாரருக்கு ஒரு நகல் இலவசமாகத் தரவேண்டும். அதைக் கையில் வாங்கி, வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். வண்டி எண்ணில் ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட, பிறகு அதைத் திருத்த மாதக்கணக்கில் அலையவேண்டிவரும்.

எஃப்.ஐ.ஆரில் கார் மோதியதாக இருக்கிறது. ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) ‘பைக்கிலிருந்து தவறி விழுந்தார்’ என்று எழுதியிருக்கிறார்கள். என்ன செய்வது?

விபத்து வழக்குகளில் எஃப்.ஐ.ஆரைவிட அதிகம் பேரை மாட்டிவிடும் காகிதம் இதுதான். இன்ஷூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையை ஏ.ஆர். காப்பியிலிருந்துதான் தொடங்குவார். காரணம், அது எஃப்.ஐ.ஆருக்கு முன்பே, கேஸ் பற்றிய யோசனை யாருக்கும் வராத நேரத்தில் எழுதப்பட்டது.

தவறு நேரும் விதம் எளிது. அடிபட்டவர் மயக்கத்தில் இருப்பார். தூக்கிவந்தவர் மோதியதைப் பார்த்திருக்கமாட்டார். ‘பைக்கோட விழுந்து கிடந்தார்’ என்பார். டியூட்டி டாக்டர் அதை அப்படியே எழுதிவிடுவார். யார் கூட்டிவந்தார், எத்தனை மணிக்கு, எந்த வண்டியால் அடிபட்டார், மது வாடை இருந்ததா என்று அந்த ஒரு பக்கத்தில் வரும் ஒவ்வொரு வரியும் பிறகு பேசப்படும்.

பதிவேட்டைத் திருத்தச் சொல்லி யாரையும் அணுகாதீர்கள். அடித்துத் திருத்திய ஏ.ஆர். உள்ள வழக்கையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அதற்கு எதிர்நிற்கும் சான்றுகளைத் திரட்டுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் காரின் எந்தப் பக்கம், எந்த இடத்தில் நசுங்கியிருக்கிறது என்று இருக்கும். பைக்கின் சேதத்தோடு அது பொருந்தவேண்டும். அருகிலுள்ள பெட்ரோல் பங்க், கடைகளின் சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். எனவே அதைக் கைப்பற்றக் கோரி விசாரணை அதிகாரிக்கு உடனே எழுத்தில் கொடுங்கள். கூட்டிவந்தவர் மனமுவந்து சாட்சி சொல்ல வந்தால் பெரிய பலம். வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ அவரைப் பாதுகாக்கிறது. கிரிமினல் கோர்ட்டைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதைத்தான் இழப்பீட்டை முடிவுசெய்யும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் பார்க்கும்.

இன்னொன்று. அடிபட்டவர் பேச முடியாத நிலையில் போலீஸ் வாக்குமூலம் கேட்டால், உறவினர் நேரில் பார்த்தவர்போலச் சொல்லக்கூடாது. ‘நான் பார்க்கவில்லை, இன்னார் சொல்லித் தெரிந்துகொண்டேன்’ என்றே பதிவாகட்டும். அந்த நேரத்தில் நீங்கள் வேறு ஊரில் இருந்தது வெளியே வந்தால், உண்மையான விபத்தும் ஜோடித்ததுபோல் ஆகிவிடும்.

ஐ.சி.யூ.வில் இருந்ததால் 12 நாள் கழித்துத்தான் புகார் கொடுத்தோம். தாமதம் என்று தள்ளிவிடுவார்களா?

அதற்காக மட்டும் தள்ள முடியாது. ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: உயிரைக் காப்பாற்ற ஓடுபவர் முதலில் ஸ்டேஷனுக்குப் போவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் தாமதத்துக்கான காரணம் புகாரிலேயே இருக்கவேண்டும்; எஃப்.ஐ.ஆர். படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. முதலில் ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துத் திடீரென்று ஒரு வண்டி எண் முளைத்தால்தான் சந்தேகம் வலுக்கும். அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதற்குச் சான்று வைத்திருங்கள்.

எதிரே வந்த கார்தான் மோதியது. எஃப்.ஐ.ஆரோ என்மேல். கதை முடிந்ததா?

இல்லை. எஃப்.ஐ.ஆர். என்பது யாரோ ஒருவர் முதலில் சொன்ன தகவல், அவ்வளவே. உங்கள் தரப்புப் புகாரையும் எழுத்தில் கொடுங்கள். தீர்ப்பாயத்தில் அதைவிடக் கனமானவை குற்றப்பத்திரிகை, பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் (அந்த இடத்தின் வரைபடம்). ஸ்கெட்சில் தார்ச்சாலையின் அகலம், வண்டிகள் கிடந்த பக்கம், டயர் தேய்ந்த தடம், கண்ணாடி சிதறிய இடம் எல்லாம் உண்மைக்கு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை நகர்த்துமுன் எடுத்த போட்டோ இருந்தால், ஸ்கெட்சின் தவறு பளிச்சென்று தெரியும்.

‘ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடு, கோர்ட் அலைச்சல் மிச்சம்’ என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கட்டாதீர்கள். அந்த ஒப்புதல் உங்கள் கிளெய்மில் உங்களுக்கு எதிராகவே நீட்டப்படும். விபத்தில் உங்கள் பங்குத் தவறு 40 சதவீதம் என்று முடிவானால், 10 லட்சம் ரூபாய் 6 லட்சமாகிவிடும்.

மாறாக, கார் ஓட்டியவர் கிரிமினல் வழக்கில் விடுதலையானாலும் உங்கள் இழப்பீடு போய்விடாது. என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமை அம்மாள் என்ற வழக்கில் 1980லேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. போலீஸ் வழக்கை முடித்து, அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸை அனுப்பினால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். மாஜிஸ்திரேட் முன் ஆட்சேப மனு போடுங்கள்.

‘ஆஸ்பத்திரி செலவைத் தருகிறேன், கேஸ் வேண்டாம் என்று எழுதிக்கொடுங்கள்’ என்கிறார் கார்க்காரர்.

காருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் இழப்பீடு தரப்போவது அவரில்லை, கம்பெனி. அவர் பயமெல்லாம் கிரிமினல் கேஸும் லைசென்ஸும்தான். இன்றைய பில்லை மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்: பிளேட்டை எடுக்கும் இன்னொரு ஆபரேஷன், வேலைக்குப் போகாத மாதங்கள், மடங்காத முழங்கால் எல்லாம் பின்னால் வருபவை. எழுதிக்கொடுத்த அந்தத் தாள் கடைசிவரை எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டது. எண் தெரியாது.

எஃப்.ஐ.ஆர். இங்கே மிக அவசியம். ‘மோதிவிட்டுத் தப்பிய’ விபத்துக்கான 2022 திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் உண்டு. பழைய தொகை 12,500, 25,000. 1.4.2022 முதல் நடந்த விபத்துகளுக்குப் புதிய தொகை பொருந்தும். தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டாம், விபத்து நடந்த பகுதியின் வருவாய்த்துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்கவேண்டும். பிறகு வண்டி கண்டுபிடிக்கப்பட்டு முழு இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகை கழிக்கப்படும்.

விபத்து கிருஷ்ணகிரியில். நாங்கள் திருநெல்வேலி.

திருநெல்வேலியிலேயே மனு போடலாம். மனுதாரர் வசிக்கும் இடமே போதும். ஆவணங்களைத்தான் கிருஷ்ணகிரி ஸ்டேஷனிலிருந்து வாங்கவேண்டும்.

போலீஸே தீர்ப்பாயத்துக்கு அறிக்கை அனுப்பும் என்கிறார்களே, நாங்கள் தனியாக மனு போடவேண்டுமா?

2022 மோட்டார் வாகன விதிகளின்படி போலீஸின் முதல் அறிக்கை 48 மணி நேரத்திலும், இடைக்கால அறிக்கை 50 நாளிலும், விரிவான அறிக்கை 90 நாளிலும் போகவேண்டும். விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. அதற்காக விசாரணை அதிகாரி உங்களிடம் ஆறாம் படிவம் கேட்பார். அடிபட்டவரின் வயது, வருமானச் சான்று, பில்கள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு 60 நாளுக்குள் கொடுங்கள்.

ஆனால் அறிக்கை வரும் என்று காத்திருக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு மனுவுக்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கின்றன என்றாலும், உங்கள் வழக்கை அதற்குச் சோதனையாக்க வேண்டாம். ஐந்தாம் மாதம் வரை விரிவான அறிக்கை போகவில்லை என்றால் நீங்களே மனு போட்டுவிடுங்கள். பிறகு அறிக்கையும் வந்தால், இரண்டையும் சேர்த்து விசாரிக்கச் சொல்லித் தீர்ப்பாயத்தில் கேட்டுக்கொள்ளலாம்.