மேக்கப் ஏன் திட்டுத்திட்டாகப் பிரிகிறது? – தோல் மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 26. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தினமும் மேக்கப்புடன்தான் நிற்க வேண்டும். காலை 9 மணிக்குப் போடும் ஃபவுண்டேஷன், 11 மணிக்குள் மூக்கோரத்திலும் கன்னத்திலும் திட்டுத்திட்டாகப் பிரிந்து, செதில் செதிலாகத் தெரிகிறது. நெற்றியில் மட்டும் எண்ணெய் வழிகிறது. அந்த எண்ணெய் போகட்டும் என்று ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை குளியல் சோப்புப் போட்டு முகம் கழுவுகிறேன். வாரம் இரண்டு முறை சர்க்கரையில் எலுமிச்சைச் சாறு கலந்து தேய்க்கிறேன். எண்ணெய்ச் சருமம் என்பதால் க்ரீம் எதுவும் தடவுவதில்லை. ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிரைமரை விலை கூடியதாக வாங்கியும் பலன் இல்லை. கூட வேலை பார்க்கும் அக்கா ஒரு டியூப் கொடுத்து, "ராத்திரி போட்டுப் பார், ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிடும்" என்கிறார். போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். அந்த டியூபைத் திறக்காதீர்கள். அதன் மேல் பொடி எழுத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு க்ரீம். மருத்துவர் சொல்லும் இடத்தில், சொல்லும் நாள்வரை மட்டும் போட வேண்டிய மருந்து. முதல் சில வாரங்கள் முகம் நிஜமாகவே பளிச்சென்று இருக்கும். அதனால்தான் இது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு இவ்வளவு நம்பிக்கையோடு போகிறது. பிறகு தோல் மெலியும், சிவப்பாக ரத்தக் குழாய்கள் தெரியும், பருக்கள் கிளம்பும், கன்னத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி போடுவார்கள். இப்படி மாட்டிக்கொண்டு கண்ணீரோடு வரும் பெண்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். மருந்தின் பெயரே அச்சிடாத டப்பா என்றால் அதையும் நம்ப வேண்டாம், பாதரசம் கலந்த க்ரீம்களும் விற்கின்றன. அந்த அக்கா மாதக்கணக்கில் இதைப் போட்டு வருகிறார் என்றால், திடீரென்று நிறுத்தாமல் ஒரு தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, மேக்கப்புக்கு வருவோம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கோளாறு ஃபவுண்டேஷனில் இல்லை, முகம் கழுவுவதில் இருக்கிறது. எண்ணெய் வேறு, ஈரம் வேறு. உங்கள் முகத்தில் எண்ணெய் இருக்கிறது, ஈரம் இல்லை.

தோலின் மேலடுக்கு ஒரு தாளைவிடப் பல மடங்கு மெல்லியது. உடம்பின் நீர் வெளியே ஆவியாகாமல் பிடித்து வைப்பது அதுதான். அதன் செல்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், இடையில் கொழுப்புப் பொருள் பூச்சாக நிற்கும். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு சுமார் 5 (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). குளியல் சோப்பின் அளவு 9 முதல் 10 வரை. நாளுக்கு ஐந்து தடவை சோப்புப் பட்டால் அந்தப் பூச்சு கரைந்து, ஓடுகள் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலே பத்து மணி நேரம் ஏ.சி.யின் வறண்ட காற்று வேறு. ஃபவுண்டேஷனில் உள்ள நிறத்துகள்கள் அந்த ஓரங்களில்தான் போய்த் தங்குகின்றன. நீங்கள் பார்க்கும் திட்டு அதுதான்.

நெற்றி எண்ணெயைச் சுரக்க வைப்பது ஹார்மோன்கள். சோப்பு மேலே இருக்கும் எண்ணெயைத்தான் எடுக்கும், சுரப்பியை நிறுத்தாது. கொஞ்ச நேரத்தில் நெற்றி மறுபடி மினுங்கும், நீங்கள் மறுபடி கழுவுவீர்கள், கன்னம் இன்னும் காயும்.

சர்க்கரை எலுமிச்சையை இன்றோடு விட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-ஐ ஒட்டி வரும். அதைத் தடவிய தோலில் வெயில் பட்டால் சிலருக்குப் புண்ணாகி, மாதக்கணக்கில் போகாத கருமை விழுந்துவிடும். கடலைமாவும் முல்தானி மட்டியும்கூட இப்போதைக்கு வேண்டாம், அவையும் உலர்த்தும்.

இனி காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, அவ்வளவுதான் கழுவல். சோப்பு சேராத மென்மையான ஃபேஸ்வாஷ் போதும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கிடைக்கும், விலை கூடியதாக இருக்க வேண்டியதில்லை. துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும், முழுக்கக் காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான். எண்ணெய்ச் சருமத்துக்கு ஜெல் அல்லது லோஷன் வகை நல்லது. கிளிசரின், ஹயலுரோனிக் அமிலம், செராமைடு, நியாசினமைடு இவற்றில் இரண்டு இருந்தாலே எனக்குத் திருப்தி. துளைகளை அடைக்காதது (நான்-காமடோஜெனிக்) என்ற குறிப்பும் டியூபில் இருக்க வேண்டும். கன்னத்துக்கும் மூக்கோரத்துக்கும் தாராளமாக, நெற்றிக்குக் கொஞ்சமாக.

அதற்கு மேல் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். என்பது வெயிலைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண். அது 30 உள்ளது சருமத்தைச் சுட்டுச் சிவக்க வைக்கும் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 உள்ளது சுமார் 98 சதவீதத்தை. வித்தியாசம் அவ்வளவுதான். உண்மையில் பலன் குறைவதற்குக் காரணம் அளவு. பெரும்பாலானவர்கள் ஒரு பொட்டு வைத்துத் தேய்த்துவிடுகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பஸ் ஜன்னல் கண்ணாடி வழியாகவும் யூ.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிர் உள்ளே வரும். நம் நிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே கருமையைக் கூட்டக்கூடியது என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனை நான் சிபாரிசு செய்வேன். அதுவே தோலின் நிறத்தைச் சீராகக் காட்டுவதால் ஃபவுண்டேஷன் பாதி போதும் என்று ஆகிவிடும். நாள் முழுக்கக் கடைக்குள் இருந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர் திரும்பத் திரும்பப் பூச வேண்டியதில்லை. மதிய வெயிலில் இறங்கி நடப்பதானால் மட்டும் கிளம்பும் முன் இன்னொரு தடவை.

அப்புறம் ஒரு பத்து நிமிடம் பொறுங்கள். தலை பின்னி, பூ வைத்து, சேலை கட்டி முடிக்கிற நேரம். இந்த இடைவெளி இல்லாமல் ஃபவுண்டேஷன் தேய்த்தால் எல்லாம் கலந்து, அழுக்குத் திரளுவது போல உருண்டு உருண்டு வரும். ஃபவுண்டேஷனைத் தேய்க்காமல், நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் மெல்லிசாக ஒற்றி ஒற்றிப் போடுங்கள். பவுடர் நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும். மதியம் எண்ணெய் வழிந்தால் டிஷ்யூவால் அழுத்தி எடுங்கள், கழுவாதீர்கள். எண்ணெய் மேலேயே பவுடரை அப்பினால் பாளம் பாளமாகத்தான் நிற்கும்.

பிரைமரை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். தோல் ஆறிய பிறகு அது தேவையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரவுதான் எல்லோரும் கோட்டைவிடும் நேரம். நாள் முழுக்க நின்ற காலோடு வீட்டுக்கு வந்தால் முகத்தை நினைக்கவே தோன்றாது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் மேக்கப்போடு படுக்காதீர்கள். மேக்கப் கலைக்கும் திரவமான மிசெல்லார் வாட்டரில் பஞ்சை நனைத்து, கண்ணின் மேல் சில நொடி வைத்திருந்து மெதுவாக எடுங்கள். பிறகு ஃபேஸ்வாஷ், பிறகு காலையில் போட்ட அதே மாய்ஸ்சரைசர். தேங்காய் எண்ணெயால் மேக்கப் கலைப்பது பரு வராதவர்களுக்குப் பரவாயில்லை, எண்ணெய் வழியும் உங்கள் முகத்துக்கு அது துளையை அடைக்கக்கூடும். ஸ்பாஞ்சை வாரம் ஒரு தடவையாவது சோப்புப் போட்டு அலசி, நன்றாகக் காய வையுங்கள். கடையில் இன்னொருவர் ஸ்பாஞ்சைக் கடன் வாங்க வேண்டாம்.

தோலின் மேலடுக்கு புதிதாக உருவாகி வர ஏறக்குறைய 4 வாரம் ஆகும். அதுவரை வேறு எந்தப் புது க்ரீமும் சேர்க்காமல் இருங்கள். பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலேயே கன்னத்துச் செதில் குறையத் தொடங்கும்.

மூக்கோரத்தைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. கன்னம் சரியாகி, மூக்கின் இரு பக்க மடிப்பிலும் புருவத்துக்குள்ளும் மட்டும் மஞ்சள் கலந்த செதில் தொடர்ந்தால், கூடவே தலையில் பொடுகும் இருந்தால், அது வறட்சி அல்ல. செபோரிக் டெர்மடைட்டிஸ் என்ற தோல் அழற்சி. எண்ணெய் சுரக்கும் இடங்களில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு இதில் பங்கு உண்டு. எத்தனை மாய்ஸ்சரைசர் போட்டாலும் அது போகாது, ஆனால் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். தலைக்குக் கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இரண்டு தடவை, 5 நிமிடம் ஊறவைத்து அலசலாம். முகத்துக்கு என்ன போடுவது என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். 4 வாரம் கழித்து, மேக்கப் போடாத முகத்தோடு உங்கள் ஊரில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அக்கா கொடுத்த அந்த டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.