வாசகர் கேள்வி - பதில்: எல்லாக் காரும் ஒண்ணு போலவே இருக்கே!

இந்த மாசம் கார் பத்தியே நாலு கேள்வி சேர்ந்து வந்திருக்கு. மத்த கேள்விகளை அடுத்த மாசத்துக்கு எடுத்து வச்சுட்டு இதை மட்டும் பேசிடுவோம்.

கேள்வி: அண்ணே, நான் சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கேன், வயசு 58. போன வாரம் தேக்காவுக்குப் போறதுக்கு என் மக போன்ல கார் புக் பண்ணிட்டு வேலைக்குக் கிளம்பிட்டா, "கறுப்பு டொயோட்டா நோவா வரும்மா, ஏறிக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. புளோக்குக்குக் கீழ நின்னேன், கறுப்புல ஒரு பெரிய வண்டி வந்து நின்னுச்சு, கதவு தானாத் திறந்துச்சு, ஒரு கால உள்ள வச்சுட்டேன். பார்த்தா உள்ள ஒரு சீனப் பொண்ணு கைக்குழந்தையோட உக்காந்திருக்கா, அது அவங்க வீட்டு வண்டி! ரெண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. வீட்டுல எல்லாரும் திட்டுறாங்க. எனக்கு மட்டும்தான் எல்லாக் காரும் ஒண்ணாத் தெரியுதா?

பதில்: இல்லம்மா, உங்க கண்ணுலயும் குறையில்ல, புத்தியிலயும் குறையில்ல. நான் சின் மிங்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல பதினெட்டு வருசம் வேலை பார்த்தவன், அதை வச்சு உறுதியாச் சொல்றேன். நீங்க சொல்ற நோவாவுக்கு வாக்ஸின்னு ஒரு கூடப்பொறந்தது இருக்கு, ரெண்டும் டொயோட்டாதான், உடம்பு ஒண்ணு, மூஞ்சி மட்டும் வேற. இப்ப வர்ற மாடல்ல நோவாவுக்கு முன்னாடி பெரிய கிரில், வாக்ஸிக்கு மேல ஒல்லியா ஒரு லைட்டுக் கோடு போகும், நிஜ ஹெட்லைட் கீழ பம்பர் பக்கம் இறங்கி இருக்கும். சைடுல இருந்து பார்த்தா யாரா இருந்தாலும் தடுமாறத்தான் செய்வாங்க, நீங்க நின்ன இடத்துல வண்டி சைடாத்தான் வந்து நின்னிருக்கும்.

நம்ம வயசுக்காரங்களுக்கு இன்னொரு விசயம் இருக்கு. நாம ஊர்ல பார்த்த கார் எத்தனை? அம்பாசடர், ஃபியட்னு சொல்லுவோமே அந்த பத்மினி, அப்புறம் 1983 கடைசில வந்த மாருதி 800. அம்பாசடர் 1958-ல இருந்து 2014 வரைக்கும் வந்துச்சு, அந்த உருண்டை உடம்பு மாறவே இல்ல, தாத்தா பார்த்த காரையே பேரனும் பார்த்தான். சத்தத்தை வச்சே வாசல்ல வந்து நிக்கிறது எந்தக் கார்னு சொல்லிடலாம். சிங்கப்பூர்ல அப்படியே நேர்மாறு. 1990-ல சிஓஇ, அதாவது கார் வச்சுக்கறதுக்குக் காசு கட்டி வாங்குற பத்து வருச உரிமம், வந்ததுல இருந்து பத்து வருசம் ஆச்சுன்னா ஒண்ணு திரும்பக் காசு கட்டி நீட்டிக்கணும், இல்ல வண்டியக் குடுத்துடணும், நிறையப் பேரு குடுத்துட்டுப் புதுசு வாங்குறாங்க, அதனால ரோட்டோட முகமே பத்து வருசத்துக்கு ஒரு தடவை மாறிடுது. ஒரு காலத்துல எந்தக் கார்பார்க்ல பார்த்தாலும் டொயோட்டா விஷ் நிக்கும், இப்ப தேடித்தான் பார்க்கணும். 2025 முதல் பாதியில இங்க அதிகமா வித்த பிராண்ட் பிஒய்டிங்கிற சீனக் கம்பெனி, பத்து வருசம் முன்னாடி அந்தப் பேரை நம்ம வீடுகள்ல யாரு சொன்னா? கஷ்டப்பட்டு ஒரு வண்டிய மனசுல பதிய வச்சுக்கிறதுக்குள்ள அது ரோட்டை விட்டே போயிடுது, நீங்க என்னதான் பண்ணுவீங்க.

அது போக கம்பெனிக்காரங்களே ஒண்ணு போலத்தான் செய்றாங்க. காத்தைக் கிழிச்சுட்டுப் போனாத்தான் பெட்ரோல் மிச்சம், பேட்டரி மிச்சம், காத்துக்கு எல்லாக் கம்பெனியும் ஒண்ணுதானே, அதனால கூரை பின்னாடி சரியுறதும் முன்பக்கம் வழவழன்னு இருக்கிறதும் எல்லாத்துலயும் வந்துடுது. நடந்து போறவங்க மேல இடிச்சா அடி கம்மியாப் படணும்னு பானெட்டோட உயரத்துக்கும் வளைவுக்கும் கணக்கு வச்சிருக்காங்க, அதுவும் எல்லாருக்கும் பொது. அடிச்சட்டத்தையும் பங்கு போட்டுக்கிறாங்க, வோக்ஸ்வேகன் கோல்ஃப், ஆடி ஏ3, ஸ்கோடா ஒக்டாவியா மூணும் நிக்கிறது ஒரே அடித்தளத்துலதான். கலரும் பெரும்பாலும் வெள்ளை, கறுப்பு, கிரே, இதுல எதை வச்சுப் பிரிக்கிறது?

அதனால நீங்க காரைக் கண்டுபிடிக்கவே வேணாம்மா, மக கிட்டச் சொல்லுங்க, கார் பேரை விட்டுட்டு நம்பரை அனுப்பச் சொல்லுங்க, கடைசி நாலு நம்பரும் அதுக்குப் பின்னால வர்ற ஒத்தை எழுத்தும் போதும், ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கையில வச்சுக்கங்க. டாக்சின்னா நம்பர் எஸ்எச்னு ஆரம்பிக்கும், நீலமோ மஞ்சளோ கலரும் காட்டிக் குடுத்துடும். போன்ல கூப்பிடுற தனியார் வாடகைக் காருக்கு அந்த வசதி இல்ல, நம்பர் பார்க்க வீட்டுக் கார் மாதிரியே இருக்கும், ஆனா 2017-ல இருந்து முன் கண்ணாடியிலயும் பின் கண்ணாடியிலயும் ஸ்டிக்கர் ஒட்டணும்னு சட்டம் இருக்கு, அதைப் பாருங்க. ஏறுறதுக்கு முன்னாடி "யார் பேருக்கு புக்கிங் அங்கிள்?"னு கேளுங்க, உங்க மக பேரை அவரு வாயாலயே சொல்லட்டும், நீங்க முதல்ல சொல்லிடாதீங்க. உங்களைத் திட்டுனவங்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்க, தப்பு உங்க மேல இல்ல.

கேள்வி: என் பையனுக்கு அஞ்சு வயசு. தெம்பனிஸ் கார்பார்க்ல நடந்து போனா ஒவ்வொரு வண்டி பேரும் சொல்லிட்டே வர்றான், நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல, வீட்டுல காரும் இல்ல. எப்படி?

பதில்: அவன் காரைப் பார்க்கல தம்பி, மூஞ்சியைப் பார்க்குறான். நமக்கு ஆளுங்க மூஞ்சியப் பிரிச்சுப் பார்க்கிறதுக்குன்னு மூளைல பின்பக்கமா அடியில ஒரு இடம் இருக்கு. 2000-ல இசபெல் கோத்தியேன்னு ஒரு ஆய்வாளரும் அவங்களோட சேர்ந்தவங்களும் காரை நல்லாப் பிரிச்சறியிற ஆளுங்களையும் பறவைகளை நல்லாத் தெரிஞ்ச ஆளுங்களையும் ஸ்கேன்ல வச்சுப் பார்த்தாங்க. கார்காரங்களுக்குக் காரைக் காட்டுறப்பவும் பறவைக்காரங்களுக்குப் பறவையைக் காட்டுறப்பவும் அந்த மூஞ்சி பார்க்கிற இடமும் சேர்ந்து வேலை செஞ்சுச்சு. பார்த்துப் பார்த்துப் பழகுனா கார் ஒரு ஆள் மாதிரி ஆயிடுது. ரெட்டைப் பிள்ளைங்கள அவங்க அம்மா குழப்பிக்கிறாளா? அது மாதிரிதான்.

நீங்களும் கத்துக்கணும்னா அவன் கூட சாயங்காலம் ஏழு மணிக்கு மேல நடங்க, லைட்டு போட்ட பிறகுதான் காரோட ஜாதகமே தெரியும். சின்னத்தைத் தேடாதீங்க, பின்லைட்டைப் பாருங்க. உயரமான வால்வோன்னா பின்கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் தூண் மாதிரி நெட்டுக்குத்தலா எரியும். இப்ப வர்ற நிறைய மினில ரெண்டு லைட்டும் சேர்ந்து இங்கிலாந்துக் கொடியோட ரெண்டு பாதி மாதிரி இருக்கும். ஹூண்டாய் ஐயோனிக் 5-க்கு குட்டிக் குட்டி சதுரமா, பழைய வீடியோ கேம் புள்ளி மாதிரி. அந்தக் காரை 2023-ல இருந்து நம்ம ஜூரோங்லயே செய்றாங்கன்னு பையன்கிட்ட சொல்லுங்க, அவன் கண்ணு விரியுறதப் பாருங்க. பிஎம்டபிள்யூன்னா முன்னாடி இருக்கிற ரெட்டை மூக்கு எல்லாருக்கும் தெரியும், ஆனா பக்கவாட்டுல பின்சன்னலோட கடைசிக் கீழ் மூலைய உத்துப் பார்த்தா கோடு ஒரு வெட்டு வெட்டி முன்னாடி திரும்பும், 1961-ல வந்த மாடல்ல இருந்து அந்தத் திருப்பம் வருது. ஹோண்டாவோட எச் நேரா நிக்கும், ஹூண்டாயோட எச் சாஞ்சு நிக்கும், சாஞ்சு இருக்கிறது ரெண்டு பேரு கைகுலுக்குற மாதிரின்னு கம்பெனியே சொல்லுது. இப்படி வாரத்துக்கு ஒரு கார் போதும், மொத்தமாப் படிச்சா எதுவும் நிக்காது.

வீட்டுல கார் இல்லைன்னு எழுதும்போது உங்களுக்கு ஒரு வருத்தம் இருக்கிற மாதிரி தெரிஞ்சுச்சு, அது வேணாம். கார்பார்க் முழுக்க அவனுக்குப் பாடப் புத்தகம்தானே.

கேள்வி: என்னோட கார் ஹோண்டா வெஸல். கூட வேலை பார்க்கிறவர் இது எச்ஆர்-வின்னு அடிச்சுச் சொல்றாரு. யாரு சரி?

பதில்: ரெண்டு பேரும். ஜப்பான்ல வெஸல், வெளிநாட்டுச் சந்தையில எச்ஆர்-வி. இங்க அதிகாரபூர்வ டீலர் ஒரு பேர்ல விப்பாங்க, பேரலல் இம்போர்ட்காரங்க ஜப்பான்ல இருந்து நேரா இறக்குறதுனால ஜப்பான் பேரோடயே வந்துடும், ஹோண்டா ஃபிட்டும் ஜாஸும் அதே கதைதான். ஒரே கார்பார்க்ல ஒரே கார் ரெண்டு பேரோட நிக்கிறது சிங்கப்பூர்ல சகஜம். ஸ்பேர் வாங்கப் போறப்ப மட்டும் கவனம், பேரைச் சொல்லாம வண்டி உடம்புல பொறிச்சிருக்கிற சேசி நம்பரைச் சொல்லிக் கேளுங்க, பம்பர், லைட்டு மாதிரி சாமான்ல வித்தியாசம் இருக்கலாம்.

கேள்வி: ரெண்டு மாசம் முன்ன உட்லண்ட்ஸ் பக்கம் ராத்திரில ஒரு கார் மோட்டார்சைக்கிள்ல போன பையனைத் தட்டிட்டு நிக்காமப் போயிடுச்சு. நான்தான் பக்கத்துல இருந்தேன், ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன். போலீஸ் என்ன கார்னு கேட்டாங்க, சில்வர் கலர்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது. நம்பர்ல ஒரு இலக்கம் தவிர மீதி ஞாபகம் இருந்துச்சு, ஆனா முழுசாத் தெரியலையேன்னு சொல்லாம விட்டுட்டேன். இன்னும் தூக்கம் வரல.

பதில்: ஐயா, முதல்ல ஒண்ணு, நீங்க நின்னீங்க, ஆம்புலன்ஸ் கூப்பிட்டீங்க, அந்தப் பையனுக்கு அந்த நேரத்துல வேண்டியது அதுதான். கார் மாடல் தெரியாததுக்கு உங்களைக் குத்தம் சொல்ல யாருக்கும் உரிமை இல்ல, இருட்டுல, பதட்டத்துல, ரெண்டு நொடில போயிட்ட வண்டிய ஒர்க்‌ஷாப்காரனாலயும் அடிச்சுச் சொல்ல முடியாது.

ஆனா அந்த அரைகுறை நம்பர் இருக்கே, அது அரைகுறையே இல்லைங்க. நம்ம ஊரு நம்பர்ல கடைசில வர்ற எழுத்து சும்மா அழகுக்கு வைக்கல, அது முன்னாடி இருக்கிறதைக் கூட்டிப் பார்த்து வர்ற சரிபார்ப்பு எழுத்து. உதாரணத்துக்கு எஸ்பிஏ 1234-ன்னு வச்சுக்கங்க. முதல் எஸ்ஸை விட்டுடணும், பி ரெண்டாவது எழுத்து அதனால 2, ஏ முதல் எழுத்து அதனால 1, அப்புறம் 1, 2, 3, 4. இந்த ஆறையும் வரிசையா 9, 4, 5, 4, 3, 2-ஆல பெருக்கிக் கூட்டுனா 18, 4, 5, 8, 9, 8, மொத்தம் 52. அதை 19-ஆல வகுத்தா மீதி 14. மீதிக்கு எந்த எழுத்துன்னு ஒரு வரிசை இருக்கு, 0-க்கு ஏ, 1-க்கு இசட், 2-க்கு ஒய்னு போய் 14-க்கு ஜி, அப்ப அந்த வண்டி எஸ்பிஏ 1234 ஜி-யாத்தான் இருக்க முடியும், வேற எழுத்து வராது. இப்படிக் கணக்கு இருக்கிறதால மத்த எழுத்தும் இலக்கமும் சரியா ஞாபகம் இருந்து நாலு இலக்கத்துல ஒண்ணு மட்டும் விட்டுப் போயிருந்தா, 0-ல இருந்து 9 வரைக்கும் போட்டுப் பார்த்தா ஒரே ஒரு இலக்கம்தான் பொருந்தும். அந்த இலக்கம் உங்க தலைக்குள்ள இல்லைன்னாலும் அந்தக் கடைசி எழுத்துக்குள்ள இருக்கு.

ரெண்டு மாசம் ஆச்சேன்னு தயங்காதீங்க, நாளைக்கே அந்த விசாரணை அதிகாரிக்குப் போன் போட்டு ஞாபகம் இருக்கிறதை இருக்கிறபடியே சொல்லுங்க, எதுல உறுதி, எதுல சந்தேகம்னு பிரிச்சுச் சொல்லுங்க. கார் பெருசா சின்னதா, பின்னாடி டிக்கி நீட்டிக்கிட்டு இருந்துச்சா வெட்டுன மாதிரி இருந்துச்சா, நம்பர் பிளேட் கறுப்பா இல்ல மஞ்சளா, பின்லைட் படுத்து இருந்துச்சா நின்னு இருந்துச்சா, கண்ண மூடி ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாருங்க, பேரு தெரியலைன்னாலும் இதெல்லாம் வரும்.

அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான்னு தெரிஞ்சா எழுதுங்கய்யா.