பாஸ் கிட்டார் தந்தியை அறைந்து வாசிக்கும் 'ஸ்லாப்' முறை எப்படி வந்தது?

டிரம்மர் இல்லாததால் வந்தது. 1960களில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் லாரி கிரஹாம் தன் அம்மாவின் இசைக்குழுவில் பாஸ் வாசித்தார். டிரம்ஸ் இல்லாத குறையைத் தீர்க்க, கட்டைவிரல் எலும்பால் தந்தியை அறைந்தார். அது பேஸ் டிரம்முக்கு (காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம்) பதில். இன்னொரு விரலால் தந்தியைச் சுண்டி இழுத்துவிட்டார். அது ஸ்நேர் டிரம்முக்கு ('சட்' என்று ஒலிக்கும் சிறிய டிரம்) பதில். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் தந்தி மோதுவதால்தான் அந்த 'டக்' ஓசை. பலமாக அடிக்க வேண்டியதில்லை. மணிக்கட்டைச் சுழற்றி அறைந்த உடனே விரலை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். அப்புறம் அவர் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவில் சேர, ஃபங்க் இசைக்கே அது முகவரியானது. எனக்குத் தெரிந்து இவ்வளவு அழகாகத் தீர்ந்த ஆள் பற்றாக்குறை வேறு இல்லை. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் கலைஞர்களோ அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே டபுள் பாஸ் (நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய மரத் தந்தி வாத்தியம்) தந்திகளை இழுத்துவிட்டும் அறைந்தும் வாசித்தார்கள்.