டெட் சலுகை மதிப்பெண்: கோலாலம்பூர் பெற்றோர் ஒருவருக்குப் பதில்

மகள் தமிழ்நாட்டில் பி.எட். முடித்திருக்கிறாள், குடும்பம் பிரிக்பீல்ட்ஸில், பிற்படுத்தப்பட்ட வகுப்பு. டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கான தேர்ச்சி மதிப்பெண் சலுகை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். அப்பாவின் ரிங்கிட் சம்பளம் குறுக்கே வராது. வருமானம் அதிகமுள்ள குடும்பத்தை விலக்கும் கிரீமி லேயர் விதி தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டில் கிடையாது. மத்திய அரசுப் பள்ளி வேலைக்குப் போனால்தான் ஓபிசி சான்றிதழோடு வருமானக் கேள்வியும் வரும்.

தேர்வுக்கு 150 மதிப்பெண். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2011-இல் வைத்த தேர்ச்சி வரம்பு 60 விழுக்காடு, அதாவது 90. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அரசுகள் தளர்த்தலாம் என்று அப்போதே இடமும் விட்டது. தமிழ்நாடு 2014 பிப்ரவரியில் அவர்களுக்கு அதை 55 விழுக்காடாக்கியது. கணக்குப்படி 82.5, அரை மதிப்பெண் யாருக்கும் விழாது என்பதால் 82. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 நவம்பரில் சலுகை செல்லும் என்று தீர்ப்பானது. இந்த எண்ணை அரசு மாற்றலாம். மகள் எழுதும் ஆண்டின் அறிவிக்கையில் இருப்பதே கணக்கு.

ஆனால் தேர்ச்சி வரம்பை மட்டும் குறிவைத்துப் படிக்க வேண்டாம். 2018 அரசாணைக்குப் பிறகு டெட் தேர்ச்சி உள்ளே நுழையும் சீட்டு மட்டும்தான். பணி நியமனத்துக்குத் தனியே போட்டித் தேர்வு உண்டு. அதில் முதலில் கட்டாயத் தமிழ்த் தாள்: 30 கேள்வி, 50 மதிப்பெண், குறைந்தது 20 எடுக்க வேண்டும். அது தவறினால் பாடத் தாளில் எவ்வளவு எழுதியிருந்தாலும் பயனில்லை, சாதிச் சலுகையும் இந்தத் தாளில் கிடையாது. கோலாலம்பூரில் இன்டர்நேஷனல் ஸ்கூலில் படித்த பிள்ளைகள் வழுக்கும் இடம் இதுதான். சமச்சீர்ப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இலக்கணத்தோடு முடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது காகிதம். சாதிச் சான்றிதழ் அப்பா பெயரில் இருக்க வேண்டும். கல்யாணம் ஆகியிருந்தாலும் கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. கேரளா, புதுச்சேரிச் சான்றிதழ் காட்டினால் பொதுப் பிரிவில் வைத்துவிடுவார்கள். மோன்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சாதிச் சான்றிதழ் தர மாட்டார்கள். சொந்த ஊர்த் தாலுகா அலுவலகம்தான் தர வேண்டும். இ-சேவையில் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றாலும் வி.ஏ.ஓ. விசாரணைக்கு ஊரில் ஒருவர் இருப்பது நல்லது. கடைசி வாரத்தில் ஆரம்பித்தால் கைக்கு வராது.

பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் என்றிருந்தால், விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்பில் உள்ளபடியே எழுதுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒன்று கேட்க மறந்தேன்: மகளிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டா, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டையா? அட்டை என்றால் அரசுப் பணியே கிடையாது, சலுகை பற்றிப் பேச எதுவும் இல்லை.