ஷட்டரும் சம்பாவும் ஒரு முதுகலைப் படிப்பும்

அன்புள்ள ஐயா,

நான் நாகை மாவட்டத்தில் நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர். வயது 39. பி.இ. சிவில் படித்து வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கடைசி ஆறு வருடமாகக் கடைமடைப் பிரிவில் இருக்கிறேன். காலநிலை மாற்றத்துக்கான தகவமைப்பு பற்றி முதுகலை படிக்க வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே ஆசை. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலையை விட முடியாது. “இந்த வயசுல எதுக்கும்மா? புரமோஷன் வருமா, இன்கிரிமென்ட் வருமா?” என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள்.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி மழையும் அமாவாசை ஓதமும் (கடல் ஏற்றமும்) சேர்ந்து வந்தன. மதகின் ஷட்டரைத் திறந்தால் கடல் உள்ளே வரும், மூடினால் சம்பா மூழ்கும். விடிய விடிய அங்கேயே நின்றோம். நான் படித்த படிப்பில் இதற்கு விடை இல்லையே என்று அன்றைக்குத் தோன்றியது. இந்தப் படிப்பில் இருக்குமா? படிக்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்த ராத்திரிக்கான விடை எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்காது. ஆனாலும் படியுங்கள் என்றுதான் சொல்வேன்.

சில வருடங்களுக்கு முன் தலைஞாயிறு பக்கம், ஷட்டர் வைத்துத் தண்ணீரை அடைத்துத் திறக்கும் ஒரு ரெகுலேட்டருக்கு நண்பர் ஒருவர் அழைத்துப்போனார். சாயங்கால நேரம். அங்கிருந்த லஸ்கர், அதாவது ஷட்டரை இயக்கும் ஊழியர், படியில் இறங்கி, கையால் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். “இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும் சார்” என்று சொல்லிவிட்டு மேலே வந்தார். கிரீஸ் படிந்த துணிப்பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தார். தேதி, திதி, ஓதம் திரும்பிய நேரம், அளவுகோலில் தண்ணீர் நின்ற உயரம் எல்லாம் பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தது. “முன்னாடி வத்தம், அதான் கடல் இறக்கம், ஆரம்பிச்சா நல்லா வடியும். இப்ப வடியற நேரம் குறைஞ்சுபோச்சு” என்றார். கடல்மட்டம் மட்டுமே காரணம் என்று அவர் சொல்லவில்லை. முகத்துவாரம் தூர்ந்து கிடப்பதையும், மேலே ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்வதையும் சேர்த்தே சொன்னார். உலக சராசரிக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையில் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி. தட்டையான டெல்டாவின் கடைசி மதகில் நிற்பவருக்கு ஒரு சாணுக்கும் குறைவான அந்த உயரம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் படிக்கப்போகும் பாடம் அந்த நோட்டில் பாதி இருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் கல்லூரி.

பி.இ.யில் நீரியல் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கடந்துபோன ஐம்பது வருட மழைக் கணக்கை எடு, 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எவ்வளவு என்று கண்டுபிடி, அதற்குத் தகுந்தபடி மதகைக் கட்டு. நேற்று பெய்த மாதிரிதான் நாளையும் பெய்யும் என்ற நம்பிக்கையில் நிற்கிற கணக்கு இது. 2008-லேயே ‘சயன்ஸ்’ இதழில் நீரியலாளர்கள் சிலர் அந்த நம்பிக்கை செத்துவிட்டது என்று தலைப்பிலேயே எழுதினார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது நாம் அதைக் கண்ணால் பார்த்தோம்.

பழைய கணக்கையே கூட நாம் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. ‘50 வருட வெள்ளம்’ என்றால் ஒருமுறை வந்தபின் ஐம்பது வருடம் நிம்மதி என்றுதான் நினைக்கிறோம். ஒவ்வொரு வருடமும் அது வர நூற்றுக்கு இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். உங்கள் ரெகுலேட்டர் முப்பது வருடம் நின்றால், அதற்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளத்தைப் பார்க்க ஏறக்குறைய 45 சதவீத வாய்ப்பு. மழையின் போக்கே மாறிக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு பங்கும் நிலையாக நிற்காது. எண் தெரியாத நிலையில் எப்படி முடிவெடுப்பது, பின்னால் திருத்திக்கொள்ள இடம் வைத்து எப்படிக் கட்டுவது என்பதை நல்ல தகவமைப்புப் படிப்பு சொல்லித்தரும். இது சிவில் பாடத்தில் கிடைக்காது.

அப்புறம், ஒருவரைக் காப்பாற்றுவதற்காகக் கட்டியது இன்னொருவரை மூழ்கடிக்கும் கதை. வங்கதேசத்தின் தென்மேற்குக் கரையில், 1960-களில் தொடங்கி, உப்புநீர் வராமல் நிலத்தைச் சுற்றிச் சுற்றிக் கரை எழுப்பினார்கள். முதலில் விளைச்சல் கூடியது. ஆனால் ஓதத்தோடு வந்து வயலில் படிய வேண்டிய வண்டல், போக இடமில்லாமல் ஆற்றுப் படுகையில் படிந்தது. ஆறு மேடானது, வயல் பள்ளமானது, மழைத் தண்ணீர் வடிய வழியில்லை. குல்னா பக்கம் டகாட்டியா என்ற தாழ்நிலத்தில் மக்கள் வருடக்கணக்காகத் தண்ணீரில் கிடந்தார்கள். 1990-ல் அவர்களே கரையை வெட்டிவிட்டார்கள். ஓதத்தை உள்ளே விட்டு வண்டலைப் படியவைக்கும் அந்தப் பழைய முறையைப் பிறகு அரசின் நீர் மேம்பாட்டு வாரியமும் ஏற்றுக்கொண்டது. பொறியியல் தெரியாததால் வந்த தவறில்லை இது. யாருடைய வயல், யாருடைய கணக்கு என்று கேட்காததால் வந்தது.

உங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். வெண்ணாறு உபவடிநிலத்தில் அடப்பாறு, அரிச்சந்திரா நதி, பாண்டவையாறு, வெள்ளையாறு ஆகியவற்றில் ஆசிய வளர்ச்சி வங்கியின் 10 கோடி டாலர் கடனில் வேலை நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2016-ல் கையெழுத்தான அந்தத் திட்டத்தின் பெயரிலேயே காலநிலைத் தகவமைப்பு இருக்கிறது. கரையை உயர்த்தினோம், ரெகுலேட்டரைப் புதுப்பித்தோம். சரி, அதற்கப்புறம் அங்கே ஒரு கார்த்திகை ராத்திரி எப்படிக் கழிகிறது? எந்த ஊரில் தண்ணீர் சீக்கிரம் வடிகிறது, எந்த ஊரில் முன்பைவிட நிற்கிறது? வெளியூரிலிருந்து வருகிற ஆய்வாளருக்கு இதைப் பிடிக்க மூன்று பருவமழை வேண்டும். உங்கள் கையில் ஆறு பருவமழை இருக்கிறது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். பொன்மணி என்று நம் ஆட்கள் சொல்லும் சி.ஆர். 1009 நெல்லில் சப்-1 ரகம் இருக்கிறது. தூர் கட்டும் பருவத்தில் முழுக்க மூழ்கினாலும் ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கக்கூடியது. கடைமடையில் எத்தனை ஏக்கரில் அது நிற்கிறது, எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று அன்றிரவு உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஷட்டரை இன்னும் எத்தனை நேரம் மூடிவைக்கலாம் என்ற முடிவு மாறியிருக்குமா? விதை வேளாண் துறையில், ஷட்டர் உங்கள் துறையில். இரண்டு கோப்பும் ஒரே மேசைக்கு வருவதே இல்லை. இதையே ஆய்வேடாக எழுதலாம்.

எங்கே படிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்), டெல்லி டெரி கல்வி நிறுவனம் இரண்டிலும் நல்ல முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன. ஆனால் அங்கே போய் உட்கார்ந்து படிக்க வேண்டும், படிப்பு விடுப்பு இல்லாமல் நடக்காது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் சுற்றுச்சூழலும் நீடித்த வளர்ச்சியும் பற்றிய முதுகலை டிப்ளமா தொலைநிலையில் கிடைக்கிறது. வெளிநாட்டு ஆன்லைன் படிப்புக்குப் பணம் கட்டும் முன் பத்துமுறை யோசியுங்கள். எதில் சேர்ந்தாலும் துறையில் முன் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள், அங்கீகாரத்தையும் சரிபாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், ஐ.நா.வின் காலநிலைக் கல்வித் தளமான சிசி லேர்னில் இலவசமாக இருக்கும் ஏதாவது ஒரு பாடத்தை எடுத்து, பிள்ளைகள் தூங்கியபின் மூன்று வாரம் உட்கார்ந்து பாருங்கள். உடம்பு ஒத்துழைக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சேரும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “என் ரெகுலேட்டரையே நான் ஆய்வேடாக எடுத்துக்கொள்ளலாமா, அதற்கு வழிகாட்ட உங்களிடம் யார் இருக்கிறார்கள்?” இதை அனுபவத்தில் சொல்கிறேன். நாற்பது தாண்டி நானும் ஒரு தொலைநிலைப் படிப்பில் சேர்ந்தேன். என் ஊருக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாத ஒரு தலைப்பைக் கொடுத்தார்கள். எழுதினேன், பைண்டு பண்ணிக் கொடுத்தேன், மதிப்பெண்ணும் வந்தது. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

தேர்வுக் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இக்னோ தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். டிசம்பரில் நீங்கள் கரையில் நிற்பீர்கள், அதனால் ஜூனையே குறிவையுங்கள். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். அந்த இடைவெளி உங்களுக்கு உதவும்.

புரமோஷனை எதிர்பார்த்துச் சேராதீர்கள். வேறொன்று கிடைக்கும். 2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியபின் ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவிலும் அமைப்பு வந்திருக்கிறது. இனி வருகிற திட்ட அறிக்கைகள் இந்த மொழியில்தான் வரும். ஆலோசகர்கள் எழுதிக்கொண்டு வருவதில் கையெழுத்துப் போடுவதற்கும், இரண்டாம் பக்கத்திலேயே பென்சிலை வைத்து “இங்கே தண்ணீர் வடியாது” என்று எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம். அந்தப் பென்சில் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் பிரிவில் இருக்கும் மூத்த லஸ்கர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று பாருங்கள். அவரிடமும் ஒரு நோட்டு இருக்கும். இல்லையென்றால் மனசில் இருக்கும். அவரோடு உட்கார்ந்து, அவர் சொல்வதைத் தேதிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். சம்பா அறுப்பு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.