14 மாடி மரக் கொட்டகைக்கு எதற்கு இவ்வளவு பாடு?

கேள்வி: அலாஸ்காவில் கென்னகாட் என்ற ஊரின் பழைய செப்புச் சுரங்கக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்ததாகப் போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஆள் அண்டாத மலையில் மரக் கொட்டகைகளை எதற்குக் கட்டிக் காக்கிறார்கள்? இடித்துவிட்டால் என்ன?
– வாசகர், கூடலூர்

பதில்: இடித்துவிடத்தான் பார்த்தார்கள். 1960களின் கடைசியில், நிலத்துக்கு உரிமை வைத்திருந்த கம்பெனி, யாராவது உள்ளே போய் விழுந்து தொலைத்தால் பழி தன் தலையில் விடியும் என்று பயந்து, ஊரையே அழிக்கச் சொன்னது. சில கட்டடங்கள் போயின. நல்லவேளை, வேலை பாதியில் நின்றுவிட்டது.

1900இல் கனிமம் தேடிப் போன இரண்டு பேர், மலைச்சரிவில் பச்சையாக ஏதோ தெரிய, குதிரைக்குப் புல் ஆச்சு என்று நினைத்தார்களாம். பார்த்தால் செப்புத் தாது! சில பாறைகளில் 70 சதவீதம் வரை செம்பு. அமெரிக்கச் சுரங்க முதலாளிகளான கூகன்ஹைம் குடும்பமும், வங்கி முதலாளி ஜே.பி.மார்கனும் பணம் போட்டார்கள். 196 மைல் ரயில் பாதை 1911இல் முடிந்தது. சுமார் 20 கோடி டாலர் மதிப்புள்ள செம்பு வெளியே வந்தது. நல்ல தாது தீர்ந்ததும், 1938 நவம்பரில் கடைசி ரயில் கிளம்பியது. அப்புறம் ஊரில் அநேகமாக ஆளில்லை.

நீங்கள் கேட்கும் கொட்டகைகளில் பெரியதற்கு வருகிறேன். அது தாதுவை நொறுக்கிப் பிரிக்கும் ஆலை. மலைச்சரிவில் 14 மாடி, முழுக்க மரம். மேலே சுரங்கத்திலிருந்து கம்பியில் தொங்கும் தொட்டிகளில் தாது உச்சி மாடிக்கு வந்து சேரும். அங்கே கொட்டினால் நொறுங்கி, சலித்து, தண்ணீரில் அலசி, மாடி மாடியாகத் தன் எடையிலேயே கீழே இறங்கும். வழிகாட்டியோடு நானும் மேலிருந்து கீழே அப்படித்தான் இறங்கினேன். முழங்கால் ஒரு வாரம் வலித்தது. ஆனால் படி இறங்க இறங்க, தாது என்ன ஆனது என்று கண்ணெதிரே புரிந்தது. நடுவில் இரண்டு மாடி சரிந்துபோனால் மிச்சம் வெறும் பலகைதான், எதற்கு எது என்று யாருக்கும் விளங்காது. அதனால்தான் முழுசாக வைத்திருக்கப் பார்க்கிறார்கள்.

1998இல் அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை அங்கே பல கட்டடங்களை வாங்கியது. புத்தம்புதுசாக்கும் எண்ணம் பெரும்பாலான கட்டடங்களில் இல்லை. அஸ்திவாரத்தைத் தாங்கி நிறுத்தி, கூரையை அடைத்து, மேற்கொண்டு சரியாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. குளிர் நாட்டில் மரம் மெதுவாகத்தான் மக்கும். ஆனால் படிப்படியாக இறங்கும் கூரை ஒவ்வொன்றிலும் பனி தேங்கும், உருகும், இடுக்கில் இறங்கும். ஊரின் நடுவே ஓடும் சிற்றோடை வேறு சும்மா இருக்காது. 2006 அக்டோபர் வெள்ளத்தில் தாதுவைச் சோதிக்கும் பழைய அலுவலகத்தைச் சிதைத்துவிட்டது.

அங்கே ஒரு உத்தரம் மாற்றுவதென்றால் என்ன பாடு தெரியுமா? பழைய ரயில் தடத்தின் மேல் 60 மைல் மண் சாலை. இன்னும் தண்டவாள ஆணி மேலே கிளம்பி டயரைக் குத்தும். முடிவில் ஒரு ஆறு. நம்மைப் போன்றவர்களுக்கு நடைபாலம்தான். அதைத் தாண்டி இன்னும் 5 மைல். வேலை செய்யக் கோடையில் சில மாதம் கிடைத்தால் உண்டு.

நான் பொறியாளராக இருந்தபோது ஒரு பழைய மலை பங்களாவின் சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூசச் சொன்னேன். பளிச்சென்று இருந்தது. ஈரம் வெளியே போக வழியில்லாமல் மூன்றாம் மழையில் உப்புப் பூத்து, சுவர் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கென்னகாட்டில் ஒட்டுப் போட்ட கூரையைப் பார்த்தபோது அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. அழகு பண்ணப் போகாமல் மழையை மட்டும் தடுத்திருந்தால் அது இன்னும் நின்றிருக்கும்.

கேள்வி: படத்தில் எல்லாக் கட்டடமும் சிவப்பாக இருக்கிறதே, ஏன்?
– வாசகி, திருப்பூர்

பதில்: மலிவு, அவ்வளவுதான். இரும்புத் துரு நிறம் கலந்த சாயம் அது. வெயிலுக்கும் வெளிறாது.

கேள்வி: எங்கள் தேவாலா, பந்தலூர் பக்கக் காடுகளில் வெள்ளைக்காரர் காலத் தங்கச் சுரங்கக் குழிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் ஏதாவது செய்ய முடியாதா?
– வாசகர், பந்தலூர்

பதில்: 1880களில் லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டி, சில வருடத்தில் கம்பெனிகள் கவிழ்ந்த கதை அது. கென்னகாட் போல ஒரு முழு ஊர் மிஞ்சவில்லை என்பதால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் மட்டும் இறங்க வேண்டாம். மண் சரிந்தால் கேட்பாரில்லை. வனத்துறையிடம் அனுமதி வாங்கி, வெளியே கிடக்கும் இரும்புச் சாமான், கல் மேடை எதுவானாலும் நகர்த்தாமல் படம் எடுத்து, நீள அகலம் குறித்து வையுங்கள். கோடையில் போனால் அட்டைத் தொல்லை குறைவு.